கண்ணில் ஆட்டம், வயிற்றில் கட்டி

நேற்று வரை நன்றாக நடந்த ஒன்றரை வயசுக் குழந்தை தள்ளாடி விழுது. கண்கள் எல்லாத் திசையிலும் இடைவெளியே இல்லாமல் துள்ளுகின்றன. இதுக்கு ஆப்சோக்ளோனஸ் என்று பெயர். நிஸ்டாக்மஸில் இருக்கிற தாளம் இதில் கிடையாது, தூக்கத்திலும் தொடரலாம். 1962-ல் மார்செல் கின்ஸ்போர்ன் இப்படிப்பட்ட குழந்தைகளை விவரித்தார்.

விஷயம் என்னன்னா, மூளை எம்ஆர்ஐ பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் சுமார் பாதிக் குழந்தைகளுக்கு வயிற்றிலோ மார்பிலோ நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி ஒளிந்திருக்கும். அதை எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு சக்தி மூளையையும் தாக்குகிறது என்பதே இப்போதைய விளக்கம். அதனால் கட்டியை எடுத்தால் மட்டும் போதாது, ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் வேண்டும். தாமதமானால் பேச்சு, படிப்பு பின்தங்கலாம். “வைரஸ் காய்ச்சலால வந்தது, தானா போயிடும்” என்று விட்டால் வயிற்றை யார் ஸ்கேன் பண்ணுவாங்க? ஆரம்பத்தில் இந்தத் துள்ளல் விட்டுவிட்டு வரும். பார்த்த உடனே போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க.