மலைப்பாதையில் தெரியும் டீசல் காரின் குணம்

கோலார் தங்கவயலில் ஒரு வீட்டில் நள்ளிரவில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் ரயிலுக்குக் காத்திருக்க முடியாது. ராபர்ட்சன்பேட்டையில் வாடகைக் காரைத்தான் தேட வேண்டும். வி.கோட்டா, பேரணாம்பட்டு, குடியாத்தம் வழியாக வேலூர் போய்ச் சேரலாம்.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஆகவே போகும்போது மலைப்பாதையில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். நோயாளி, துணைக்கு வந்த உறவினர்கள், மூட்டை முடிச்சுகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் ஒரு காரின் உண்மையான குணம் வெளிப்படும். விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைச் சக்தி அங்கே பேசாது. என்ஜின்தான் பேசும்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்க வந்தவர்களும் இவ்வூரில் உண்டு. பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி ஓட்டலாம் என்று இன்றும் யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த என்ஜின் எப்படி ஓடும் என்பது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. கைமுதல் பற்றிய பிரச்சினை.

தீப்பொறி இல்லாத என்ஜின்

ஜெர்மானியரான ருடால்ப் டீசல் உருவாக்கிய என்ஜின் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. பெட்ரோல் என்ஜினில் பிளக் தரும் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் என்ஜினில் அந்தப் பொறி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது கொதிக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் தானே பற்றிக்கொள்ளும். டீசல் வண்டியின் 'கடகட' சத்தத்துக்கும் அதன் இழுப்புக்கும் இதுவே காரணம்.

லாரிக்கும் கப்பலுக்கும் என்று இருந்த இந்த என்ஜினை 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் '260 டி' என்ற காரில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் டீசல் கார் பரவலாகக் கண்ணில் பட்டது எண்பதுகளில்தான். அதைக் கொண்டுவந்தது அம்பாசிடர்.

பொறுமை கேட்ட அம்பாசிடர்

அந்த அம்பாசிடரில் இருந்தது 1489 சிசி டீசல் என்ஜின். சக்தி ஏறக்குறைய 40 குதிரைதான். சாவியைத் திருப்பியதும் கிளம்பாது. ஹீட்டர் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். கிளம்பிவிட்டாலோ கார் முழுவதும் நடுங்கும். பின்சீட்டில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும்.

மலை ஏற்றத்தில் அது ஆமை வேகம். இரண்டாவது கியரில் போட்டால் அப்படியே முனகிக்கொண்டு ஏறும். ஆனால் ஒரு நல்ல குணம் உண்டு. ஓட்டுபவரை அது ஏமாற்றாது. காலை அழுத்திய அளவுக்கு இழுப்பு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பழுதானால் ஊர் மெக்கானிக்கே கையில் ஸ்பேனரோடு பார்த்துவிடுவார். பிற்காலத்தில் இதே காரில் 1995 சிசி இசுசு டீசல் என்ஜினும் ஐந்து கியர்களும் வந்தபோது, பழைய என்ஜினை ஓட்டிப் பழகியவர்களுக்கு அது வேறு காராகவே தோன்றியது. 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோனது.

ஏ.சி.யை நிறுத்திய இண்டிகா

1998 டிசம்பரில் டாடா இண்டிகா அறிமுகமானது. என்ஜின் 1405 சிசி. சக்தி சுமார் 53 குதிரை. சின்ன உடம்பு, உள்ளே தாராளமான இடம், குறைந்த டீசல் செலவு. வாடகைக் கார்க்காரர்கள் இதை விரும்பியதில் ஆச்சரியம் இல்லை.

சமதளத்தில் இண்டிகா நன்றாகவே ஓடும். ஐந்து பேர் ஏறி மலைப்பாதைக்கு வந்தால்தான் சங்கடம். ஏ.சி.யை நிறுத்தினால்தான் மூச்சு விடும். இதற்குக் காரணம் உண்டு. அம்பாசிடரைப் போலவே இதிலும் டர்போ கிடையாது. என்ஜின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றை வைத்துக்கொண்டுதான் எரிக்க வேண்டும்.

டர்போ வந்தது, கால் பழக்கம் மாறியது

டர்போ என்பது ஒரு காற்றாடி. வெளியேறும் புகையே அதைச் சுழற்றும். அது புதிய காற்றைத் திணித்து என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகமானால் எரிபொருளும் அதிகம் எரியலாம். சிறிய என்ஜினிலேயே பெரிய இழுப்பு கிடைக்கும்.

2007-ல் மாருதி ஸ்விப்ட் காரில் வந்த டீசல் என்ஜின் இதற்கு நல்ல உதாரணம். பியட் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1248 சிசிதான், சக்தியோ 75 குதிரை. பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரியை முந்த அது சுகமான வண்டி. ஆனால் சுழற்சி நிமிடத்துக்கு 2000-ஐத் தொடுவதற்கு முன் அந்த என்ஜின் சோம்பிக் கிடக்கும், தொட்டதும் பாயும். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறையும்போது கியரைக் குறைக்க மறந்தால் வண்டி திணறி நின்றுவிடும். பழைய டீசலை உயர்ந்த கியரிலேயே உருட்டிப் பழகியவர்கள் இதில் தடுமாறினார்கள்.

இன்னொரு பக்கம் டொயோட்டா. பெங்களூரை அடுத்த பிடதியில் தயாரான குவாலிஸ் 2000-ல் வந்தது. அதில் 2446 சிசி என்ஜின், டர்போ இல்லை. 2005-ல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவாவில் 2494 சிசி டர்போ என்ஜின். சக்தி 102 குதிரை. அதன் முழு இழுப்பு 1400 சுழற்சியிலேயே கைக்கு வந்துவிடும். ஆகவே ஏழு பேரோடு ஏறினாலும் கியரை அடிக்கடி மாற்ற வேண்டாம். டிரைவருக்கு இடது காலும் இடது கையும் வலிக்காது. விலையும் பராமரிப்புச் செலவும் மட்டும்தான் வலிக்கும்.

புதிய வண்டியின் புதிய தேவை

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தது. மாருதி டீசல் கார்களையே கைவிட்டது. இப்போது வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போக வேண்டுமானால் வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தினமும் பெங்களூர் போய் வருபவருக்கு இதில் தொல்லை இல்லை. ஆண்டர்சன்பேட்டைக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கும் நடுவில் மட்டும் ஓட்டுபவருக்கு வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

லாபக் கணக்கும் மாறிவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பிருந்த பெரிய விலை வித்தியாசம் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் காரை எடுப்பவர் டீசல் வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த விலையே திரும்பி வருவது கடினம்.

வாங்கும் முன் ஒரு பரீட்சை

பழைய டீசல் கார் வாங்க நினைப்பவர்கள் விடியற்காலையில் போய்ப் பார்ப்பது நல்லது. விற்பவர் முன்கூட்டியே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. பிறகு புகையைப் பார்க்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் காற்றோ டீசலோ சரியான அளவில் சேரவில்லை. என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஒதுங்கிவிடலாம்.

கடைசிப் பரீட்சை ஏற்றம். வீட்டார் நான்கு பேரை உட்கார வைத்து ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். டர்போ வண்டியானால், மலை ஏறி நின்றதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, சூடு தணிந்தபின் அணைக்க வேண்டும்.

எந்த என்ஜின் சிறந்தது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. பெங்களூர் சாலைக்கு ஒன்று, பேரணாம்பட்டு மலைக்கு ஒன்று, கடைத்தெருவுக்கு ஒன்று. நாம் தினமும் போகும் பாதை எது, ஏற்றப்போகும் பாரம் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் காரைத் தேட வேண்டும். நடுச்சாமத்தில் நோயாளியோடு மலைப்பாதையில் நிற்கும் வண்டி, எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் மலிவு அல்ல.