தேய்வு என்னும் சொல்

1885ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டிற்று. பெட்டிகளில் அடைத்த தேயிலையை இரும்புப் பாதை சுமந்தது. ஆயின், பெட்டிக்குட் புகுமுன் அக்கொழுந்தைச் சுமந்தது பெண்களின் முதுகே யன்றோ! அம்முதுகைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

சில திங்களின் முன், என் பழைய மாணவன் ஒருவனின் தாயாரைக் காணச் சென்றேன். நாற்பதாண்டு கொழுந்து பறித்தவர். லயத்து அறையில் படுத்த படுக்கையாக இருந்தார். "வாத்தியார் ஐயா, முதுகுத் தட்டு தேஞ்சு போச்சுன்னு படம் புடிச்சுச் சொல்லிட்டாங்க. இனி எழுந்தா ஒடிஞ்சிருமுங்க" என்றார். வலியினும் மிகுதியாக அவரைக் கிடத்தியது 'தேய்வு' என்னும் அச்சொல்லே என்பது எனக்குப் புலனாயிற்று.

தேய்வு என்றதும் வண்டிச் சில்லும் செருப்புமே நம் நினைவிற்கு வருகின்றன. தேய்ந்தால் எறிய வேண்டியவை அவை. உடம்போ அத்தன்மைத்தன்று.

முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே 23 தட்டுகள் உள. ஒவ்வொன்றிலும் வெளியே நார் பின்னிய வளையம்; உள்ளே நுங்கை ஒத்த குழைவு. இளமையில் அக்குழைவின் ஐந்தில் நாலு பங்கும் அதற்கு மேலும் நீரே. ஆண்டுகள் ஏற நீர் குறையும். தட்டின் உயரம் தாழும். வளையத்திற் கீறல் காணும். வளர்ந்தோரின் தட்டினுட் குருதிக்குழாய் இல்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதே அதன் உணவு. பகலிற் பாரத்தால் நீர் பிழியப்படும். இரவிற் படுத்திருக்கையில் மீண்டும் ஊறும். காலையில் நாம் சற்றே நெடியராய் இருப்பது இதனாலேயே.

இம்மாற்றம் நரையைப் போல்வது. முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்தாராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேரிடமும், எண்பது வயதினரில் 96 பேரிடமும் தட்டுத் தேய்வு காணப்பட்டதெனக் கூறிற்று. எனவே, படத்திற் கண்ட தேய்வே வலிக்குக் காரணம் என எப்போதும் துணிதற்கில்லை. சிலருக்குக் குழைவு பிதுங்கி நரம்பை அழுத்தும். இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை வலி மின்னலெனப் பாயும். மிக்ஸ்ற்றர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1934இல் இதனை எழுதி வெளியிட்டனர். அத்தகைய வலியும் பெரும்பாலோர்க்கு அறுவை இன்றியே சில வாரங்களில் அல்லது திங்களில் தணியும்.

செய்யத்தக்கது யாது? படுத்தே கிடத்தல் மருந்தன்று. திடீரென இடுப்பு வலி கண்டவருள், படுக்கையில் ஓய்ந்தவரினும் இயன்ற அளவு அன்றாட வேலை செய்தவரே விரைந்து நலம் பெற்றனர் எனப் பின்லாந்து ஆய்வொன்று 1995இல் காட்டிற்று. நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், இடுப்புப் பட்டியை வழக்கமாக அணிவதை 2023இல் ஏற்கவில்லை. நடத்தலும், முதுகையும் வயிற்றையும் வலுப்படுத்தும் பயிற்சியும், புகைத்தலை விடுதலும் நலந்தரும்.

இனி, மலையிற் பறிப்போருக்கு ஒரு சொல். குனிந்து நிற்கையில் தட்டின் அழுத்தம் மிகும். கூடை நிறையும்வரை காத்திராது, இயன்றபோது பாதியிலேயே இறக்குதல் நன்று. நிரையின் முடிவில் நிமிர்ந்து நின்று சற்றே பின்வளைக. பாரம் தூக்குகையில் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடணைத்து எழுக. கவ்வாத்து வெட்டும் ஆடவர்க்கும் இடையிடையே நிமிர்தல் வேண்டும்.

ஆயின், நிறுவைக்கேற்பக் கூலி பெறுபவரிடம் 'மெல்லச் சுமப்பீர்' என்பது எளிது. மெல்லச் சுமந்தால் அடுப்பெரிவதே அரிது. ஆகலின், பறிப்போர்க்கு அருகே நிறுவைக்கு இடமும், வேலைக்கிடையே ஓய்வும் அமைத்தல் தோட்டத்தை நடத்துவோர் கடன்.

காலிற் பலம் குன்றினாலோ, மலசலக் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கில் உணர்வு மரத்தாலோ, ஒரு நாளும் தாழ்த்தாது வைத்தியசாலைக்கு விரைக. காய்ச்சலோடு முதுகு நோவதும், காரணமின்றி உடல் மெலிவதும் உடனே வைத்தியருக்குக் காட்டத்தக்கன.

இவற்றை அந்தத் தாயாருக்கு விளக்கினேன். வைத்தியரும் நடக்கலாம் என்றார். முதல் நாள் வாசல் வரை. பின்னர்ப் பீலி வரை. இப்போது பேரனின் கைபிடித்துப் பாடசாலைப் படலை வரை வருகிறார். வலி முற்றும் நீங்கவில்லை, அச்சம் நீங்கிற்று.