ஃபேன் சுற்றுகிறது, புரொஜெக்டர் ஏன் அணைகிறது?

கம்ப்யூட்டருடன் புரொஜெக்டரை இணைத்து வீட்டுச் சுவரிலேயே சினிமா பார்ப்பவர்கள் பலர். இதற்காக அலுவலகங்கள் கழித்துவிட்ட லாம்ப் புரொஜெக்டரைக் குறைந்த விலைக்கு வாங்குபவர்களும் உண்டு. பழைய புரொஜெக்டரில் அடிக்கடி தொல்லை தருவது அதன் ஃபேன். கரகரவென்று சத்தம் வரும், பிறகு வேகம் குறையும். புதிய ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்போம். பல நேரங்களில் அதன் பிறகுதான் புதிய பிரச்சினை தொடங்குகிறது.

என் நண்பர் ஒருவரின் புரொஜெக்டருக்குக் கடையில் அதே அளவு, அதே 12 வோல்ட் ஃபேன் போட்டுக் கொடுத்தார்கள். ஆன் செய்தால் லாம்ப் எரிகிறது, ஃபேனும் சுற்றுகிறது. அரை நிமிடத்தில் எல்லாம் அணைந்து, சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. "மெயின் போர்டு போய்விட்டது" என்று சொல்லி, நண்பர் புரொஜெக்டர் வாங்கிய விலையைவிட அதிகம் கேட்டார்கள். அவர் அதை என்னிடம் கொண்டு வந்தார்.

நேரத்தைக் கவனியுங்கள்

நான் முதலில் பார்த்தது கடிகாரத்தைத்தான். பத்து, பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு அணைந்தால் சூடு வெளியேறவில்லை என்று பொருள். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கலாம். சட்டத்தில் அம்புக்குறி இருந்தால் காற்று போகும் திசையை அது காட்டும். சில நொடிகளிலேயே அணைந்தால் காரணம் பெரும்பாலும் சூடு அல்ல. ஃபேன் சுற்றும் செய்தி போர்டுக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது வயர்

ஃபேனில் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. மூன்றாவதாக வரும் மஞ்சள் அல்லது வெள்ளை வயர் செய்தி சொல்வதற்கு. பெரும்பாலான ஃபேன்களில் இந்த வயர் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்பும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 100 துடிப்பு. உங்கள் கம்ப்யூட்டரின் பயாஸ் திரையில் ஃபேன் வேகம் தெரிவதும் இதே வழியில்தான்.

ஆனால் சில ஃபேன்களின் மூன்றாவது வயர் துடிப்பை அனுப்பாது. "சுற்றுகிறேன், நின்றுவிட்டேன்" என்ற இரண்டை மட்டும் சொல்லும். பார்வைக்கு இரண்டு வகையும் ஒன்றுபோல இருக்கும். துடிப்பை எதிர்பார்க்கும் போர்டுக்கு இந்த ஃபேன் நின்றுபோனதாகவே தெரியும்.

வெளியே வைத்துச் சோதியுங்கள்

ஃபேனைத் தனியே எடுத்து 12 வோல்ட் அடாப்டரில் ஓடவிட்டேன். சிவப்பு வயருக்கும் மஞ்சள் வயருக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணைத்து, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்தேன். துடிப்பு இருந்தால் சராசரியாக 6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பழைய ஃபேன் அப்படித்தான் காட்டியது. புதிய ஃபேன் ஓடும்போது பூஜ்யத்திலேயே நின்றது. நடுக் குமிழை லேசாக அழுத்தி நிறுத்தியதும் 12-க்குத் தாவியது. குறை போர்டில் இல்லை, ஃபேனின் வகையில்தான். பழைய ஃபேனின் மாடல் எண்ணைச் சொல்லி வேறு ஒன்று வரவழைத்து மாட்டினோம். புரொஜெக்டர் அணையாமல் ஓடியது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பழைய கனெக்டரை வெட்டி ஒட்டும்போது மூன்றாவது வயர் விட்டுப்போயிருக்கலாம். சில புரொஜெக்டர்கள் சத்தத்தைக் குறைக்க ஃபேனுக்குக் குறைந்த வோல்ட் கொடுக்கும். அந்த வோல்ட்டில் புதிய ஃபேன் கிளம்பாமல் போகலாம்.

ஏமாற்றாதீர்கள்

மூன்றாவது வயருக்குப் போலிச் செய்தி கொடுத்துப் புரொஜெக்டரை ஓடவைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். இந்த லாம்ப்களில் பாதரச ஆவி இருக்கிறது. எரியும்போது உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 200 வளிமண்டல அளவு. பிறகு ஃபேன் உண்மையாகவே நின்றாலும் போர்டுக்குத் தெரியாது. லாம்ப் வெடிக்கலாம்.

மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பவர் சப்ளை பகுதியைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். மூடியைக் கழற்றிய நிலையில் ஆன் செய்து பார்க்கவும் வேண்டாம்.

கடைக்குப் போகும்போது பழைய ஃபேனையே கையில் எடுத்துச் செல்லுங்கள். அளவு, வோல்ட், ஆம்பியர், வயர்களின் எண்ணிக்கை, மாடல் எண் ஆகிய ஐந்தும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். யாராவது "போர்டு போய்விட்டது" என்று சொன்னால், மூன்றாவது வயரைச் சோதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.