பழைய கணினியில் லினக்ஸ்: பழுதின் அடையாளமும் காரணமும்

விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. அதன் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதியையும் புதிய தலைமுறைச் செயலியையும் கேட்பதால், 2018க்கு முன் தயாரான பெரும்பாலான கணினிகள் பழுதின்றி இருந்தும் அதனை ஏற்க இயலாதவையாக உள்ளன. லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை போன்ற தோட்டப் பகுதிகளில் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கப்படும் பாவித்த கணினிகளில் பலவும் இவ்வகையினவே என்பதால், அவற்றைப் பாதுகாப்பாகத் தொடர்ந்து இயக்க லினக்ஸ் நடைமுறைக்கு உகந்த வழியாகிறது.

லினக்ஸ் என்பது பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருநிரலாகும். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் இக்கருநிரலோடு தேவையான மென்பொருள்களைச் சேர்த்து வழங்கும் தொகுப்புகளே உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா முதலியன. இலங்கையிலேயே ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு தொகுப்பு, கண்டிக்கு அருகிலுள்ள மலைத்தொடரின் பெயரால் ஹந்தானை என்று அழைக்கப்பட்டது. 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினிக்கு, எக்ஸ்எஃப்சிஇ எனும் எளிய திரைச்சூழலுடன் வரும் மின்ட் பொருத்தமானது.

லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பது பலரும் அறிந்த செய்தி. அதனினும் பெரிய நன்மை, கணினியில் நிகழ்பவற்றை அது பதிவேட்டில் எழுதி வைப்பதும், பழுதின் அடையாளத்தைக் கொண்டே காரணத்தைப் பெரும்பாலும் பிரித்தறிய இடந்தருவதும் ஆகும். ஆகவே எதையும் அழித்து மீண்டும் நிறுவுவதற்கு முன், திரையில் தோன்றும் செய்தியை முழுமையாக வாசிப்பதே பயனரின் முதற்கடமை.

தென்மேல் பருவக்காற்றின் காலத்தில் மலையகத்தில் மின்சாரம் திடீரெனத் தடைப்படும்போது, எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புகள் அரைகுறையாக நின்றுவிடுவதுண்டு. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வதால், மறுமுறை இயங்கும்போது பெரும்பாலும் தானே சீரடைகிறது. அவ்வாறு சீரடையாமல் கருந்திரையில் நின்றுவிட்டால், வன்தட்டின் எந்தப் பகிர்வைச் சோதிக்க வேண்டும் என்பதை அத்திரையே பொதுவாகத் தெரிவிக்கும். அப்பகிர்வின் பெயரோடு எஃப்எஸ்சிகே எனும் கட்டளையை இட்டால் சோதனை நடைபெறும். மின்தடை இல்லாத நாட்களிலும் இவ்வாறு கருந்திரையில் நிற்பது திரும்பத் திரும்ப நேர்ந்தால், வன்தட்டே தேய்ந்திருக்கக்கூடும் என்று கருதி, உள்ளிருப்பவற்றை உடனே வேறிடத்தில் பிரதியெடுக்க வேண்டும்.

கடிகாரப் பிழையையும் இவ்வாறே பிரித்தறியலாம். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, விண்டோஸில் நேரம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கினால், வன்பொருட் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் விண்டோஸ் இலங்கை நேரமாகவும் கொள்வதே காரணம். இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றினால் போதும். ஆண்டே பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்திருக்க வாய்ப்புண்டு.

தமிழ்ப் பயனர்கள் அதிகம் தடுமாறுவது எழுத்துருவில்தான். தமிழ் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவை நிறுவினால் அது தீரும். ஆவணமொன்றில் ஆங்கில எழுத்துகள் பொருளின்றிக் கலந்து தோன்றினாலோ, அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டதாக இருக்கலாம். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்துவதால், அவ்வெழுத்துருவை நிறுவுவது தற்காலிகத் தீர்வாகவும், உரையை யுனிகோடுக்கு மாற்றுவது நிலையான தீர்வாகவும் அமையும். தட்டச்சுக்குத் தமிழ்99, ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகை அமைப்புகள் ஐபஸ் எனும் உள்ளீட்டு மென்பொருளின் வழியே கிடைக்கின்றன.

வைஃபை இணைப்புகளின் பட்டியலே தோன்றாவிட்டால் இயக்கி மென்பொருள் இல்லாதிருக்கலாம். பட்டியல் தோன்றியும் இணைப்புக் கிடைக்காவிட்டால் கடவுச்சொல்லையோ ரவுட்டரையோ சோதிக்க வேண்டும். பட்டியலே தோன்றாத நிலையில், கைத்தொலைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியுடன் பகிர்ந்து, தேவையான இயக்கியை நிறுவலாம். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரையே மீண்டும் மீண்டும் வந்தால், வன்தட்டு நிரம்பியிருப்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தி எழுத்துத் திரைக்குச் சென்று, டிஎஃப் எனும் கட்டளையால் எஞ்சிய இடத்தை அறியலாம்.

லினக்ஸை நிறுவுவதற்கு முன் அதனைப் பென் டிரைவிலிருந்தே இயங்கச் செய்து, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க இயலும் என்பதால், வாங்கவிருக்கும் பாவித்த கணினியைக் கடையிலேயே இவ்வாறு சோதித்துக்கொள்வது நலம். நிறுவிய பின், முக்கியமான கோப்புகளின் பிரதியொன்றைக் கணினிக்கு வெளியே வைத்திருப்பதும், பிழைச்செய்தியைச் சொல் மாறாமல் குறித்துக்கொண்டு உதவி கேட்பதும் ஒவ்வொரு பயனரும் பழகிக்கொள்ள வேண்டியவை.