புள்ளிக் கோலம்

கதிரவன் எழுமுன்னரே தமிழகத்துச் சிற்றூர்களில் வீட்டு வாயில்கள் விழித்துக்கொள்ளும். மகளிர் வாயிலைப் பெருக்கிச் சாணநீர் தெளிப்பர். ஈரம் உலர்வதற்குள் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மாவை எடுத்துப் புள்ளி வைப்பர். பின்னர்ப் புள்ளிகளைக் கோடுகளால் இணைப்பர். சிறிது நேரத்தில் வெறுந்தரை பூந்தரையாக மாறிவிடும். மார்கழித் திங்களில் இவ்வழக்கம் மேலும் சிறக்கும். கோலத்தின் நடுவே சாண உருண்டையை வைத்து, அதில் மஞ்சள் நிறப் பரங்கிப் பூவைச் செருகுவர். தைப்பொங்கல் நாளில் பெருங்கோலம் இட்டு, அதனைச் சுற்றிச் செம்மண் பட்டை தீட்டுவர்.

கோலம் என்னும் சொல்லுக்கு அழகு, வடிவம், ஒப்பனை எனப் பல பொருள்கள் உண்டு. வாயிலுக்கு இடும் ஒப்பனைக்கு அப்பெயர் மிகவும் பொருந்துவதாகும். ஆந்திர நாட்டார் இதனை முக்கு என்பர். கன்னடர் ரங்கோலி என்பர். வங்காளத்தார் அரிசிமாக் கரைசலால் தரையில் தீட்டும் ஓவியத்தை அல்பனா என்பர். தமிழகத்திலும் அரிசிமாவே பண்டைய கோலப்பொருள். எறும்பும் சிறு பறவையும் அதனை உண்டு பசி தீரும். இக்காலத்தில் வெண்கல் பொடியும் வண்ணப் பொடியும் பெரிதும் வழங்குகின்றன.

கோலம் அழகுக்கு மட்டும் உரியதன்று. அது தெருவுக்குச் சொல்லும் செய்தியும் ஆகும். திருமணமும் திருவிழாவும் நிகழும் இல்லத்தைப் பெருங்கோலமே காட்டிவிடும். இறப்பு நேர்ந்த இல்லத்தில் கோலம் இடுவதில்லை. வெறுமையாகக் கிடக்கும் வாயிலைக் கண்டதும் அவ்வழிச் செல்வோர் குறிப்பறிந்து கொள்வர்.

புள்ளிக் கோலங்கள் இருவகைப்படும். புள்ளிகளைத் தொடாமல் கோடுகள் அவற்றைச் சுற்றி வளைந்து செல்வது ஒருவகை. இதனைச் சிக்குக் கோலம் என்பர். புள்ளிகளையே கோடுகளால் சேர்த்துப் பூவும் கொடியும் பறவையும் அமைப்பது மற்றொரு வகை. புள்ளி வைக்கும் முறையும் இருவகைப்படும். ஒரு புள்ளிக்கு நேர் கீழே மற்றொரு புள்ளி அமைவது நேர்ப்புள்ளி. மேல்வரிசைப் புள்ளிகள் இரண்டன் இடைவெளிக்கு நேராகக் கீழ்வரிசைப் புள்ளி அமைவது இடைப்புள்ளி.

பூக்கோலத்துக்கு இடைப்புள்ளி ஏற்றது. '7 புள்ளி, 4 வரை' என்னும் எளிய கோலத்தைச் சான்றாகக் கொள்ளலாம். முதலில் நடுவரிசையில் 7 புள்ளிகளைச் சம தொலைவில் வைத்தல் வேண்டும். அதற்கு மேலும் கீழும் இடைவெளிகளுக்கு நேராக 6 புள்ளிகள், அவற்றை அடுத்து 5, இறுதியில் 4. ஆக, 7 வரிசைகளில் 37 புள்ளிகள் அமையும். வரிசைகளுக்கு இடையே உள்ள தொலைவு, புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவினும் சற்றுக் குறைந்திருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளிகள் சம தொலைவில் நிற்கும்.

இனிப் பூவை வரையலாம். நடுப்புள்ளியிலிருந்து அண்டைப் புள்ளிவரை இரண்டு வளைகோடுகள் இழுத்து, அவற்றை இருமுனையிலும் கூட்டினால் ஓர் இதழ் உண்டாகும். ஆறு அண்டைப் புள்ளிகளுக்கும் அவ்வாறே செய்தால் ஆறிதழ்ப் பூ மலரும். பின்னர் நடுவரிசையின் இரண்டாம், ஆறாம் புள்ளிகளையும், ஐம்புள்ளி வரிசை ஒவ்வொன்றிலும் இரண்டாம், நான்காம் புள்ளிகளையும் மையங்களாகக் கொண்டு இன்னும் ஆறு பூக்கள் வரைதல் வேண்டும். அடுத்தடுத்த பூக்களின் இதழ்நுனிகள் ஒரே புள்ளியில் வந்து கூடும். ஏழு பூக்கள், நாற்பத்திரண்டு இதழ்கள். எஞ்சி நிற்கும் புள்ளி ஒன்றும் இல்லை! ஆனால், தொடக்கத்தில் ஒரு வரிசை இடம் மாறி, புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வந்துவிட்டால் ஆறிதழ்ப் பூ அமையாது. ஆதலின், கோலத்தின் அழகு கோட்டிலே தோன்றினும், அதன் உயிர் புள்ளியின் ஒழுங்கிலே உள்ளது.

இக்கோலத்தை மேலும் வளர்க்கலாம். நடுவரிசையில் நான்கு புள்ளிகளைக் கூட்டி, '11 புள்ளி, 6 வரை' வைத்தால் 91 புள்ளிகளில் 19 பூக்கள் மலரும். மீண்டும் நான்கு கூட்டி, '15 புள்ளி, 8 வரை' வைத்தால் 169 புள்ளிகளில் 37 பூக்கள் மலரும். விதி ஒன்றே, அதனைத் திரும்பத் திரும்பக் கையாளுவதால் சிறு கோலம் பெருங்கோலமாகிறது. இவ்வியல்பு அறிஞர்களின் கருத்தையும் கவர்ந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் இராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்பதனை அவ்வாராய்ச்சி புலப்படுத்தியது.

இத்தகைய கணக்கை ஏட்டில் கற்காமலே கையில் வைத்திருந்தவர் நாட்டுப்புற மகளிர். பாட்டி இட்ட கோலத்தைத் தாய் பார்த்தாள். தாய் இட்டதை மகள் பார்த்தாள். மறவாதிருக்கும்பொருட்டுச் சிலர் குறிப்பேடுகளில் வரைந்து வைத்தனர். பள்ளிக்கூடம் காணாத மூதாட்டியும், வாயிலின் அகலத்தை ஒருமுறை நோக்கியதும் எத்தனை புள்ளி கொள்ளும் என்று கூறிவிடுவாள். அதனை அறிவென்று உலகம் பாராட்டவில்லை. வீட்டுவேலை என்றே எண்ணியது.

இன்று நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. பல இல்லங்களுக்குக் கோலமிட மண்தரை இல்லை. வாயிற்படியளவு இடமே உண்டு. அச்சிட்ட கோலத்தாளை வாங்கி அங்கே ஒட்டிவிடுகின்றனர். அத்தாள் பல திங்கள் அழியாமல் இருக்கும். ஆயினும், ஒட்டியவர் கைக்கு ஒன்றும் கற்பியாது. மாவுக்கோலமோ மாலைக்குள் காலடியில் கலைந்துவிடும். கலைவதனால்தான் மறுநாளும் ஒருவர் குனிந்து எண்ணி இடவேண்டியிருக்கிறது. அவ்வாறு நாள்தோறும் இடுவதனாலேயே இக்கலை பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றது.

கோலம் கற்க அகன்ற முற்றம் வேண்டுவதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். ஆண்மக்களும் பெண்மக்களும் 37 புள்ளிகளை வைத்து ஏழு பூக்களை வரைந்து பார்த்தல் வேண்டும். அதன்பின், வீட்டிலுள்ள மூதாட்டியை அணுகி, அவர் அறிந்த கோலங்களைக் கேட்டறிதல் வேண்டும். வாயிலில் இட்ட கோலம் அழிவது இயல்பு. அதனை இடும் அறிவு அழியாமல் நிற்பது, நாளை புள்ளி வைக்கும் கைகளைப் பொறுத்தது.