தீயும் கருங்கல்லும்: உயர் வெப்பத்தில் கல்லின் வலிமை

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. எரிந்தவை அங்கிருந்த கடைகளும் அவற்றின் சரக்குகளும். இடிந்து வீழ்ந்ததோ கல் விதானத்தின் ஒரு பகுதி. எரியாத பொருள் ஏன் வீழ்ந்தது என்பதற்கான விடை கல்லின் உள்ளமைப்பில் இருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருங்கல் எனப் பொதுவழக்கில் சுட்டப்பெறும் கிரானைட்டும் அதன் இனக் கற்களும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா முதலிய கனிம மணிகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்தமையே அவற்றின் உறுதிக்குக் காரணம். வெப்பம் ஏறும்போது அப்பிணைப்பே பகையாகிறது. அறை வெப்பநிலையிலிருந்து 573 பாகை செல்சியசு வரை சூடேறும் குவார்ட்சின் பருமன் 4 விழுக்காட்டுக்கும் மேல் பெருகும். ஃபெல்ட்ஸ்பார் அதில் பாதியளவுகூட விரிவதில்லை. குவார்ட்ஸ் மணி எல்லாத் திசையிலும் ஒரே சீராக விரிவதும் இல்லை. விரிய இடமின்றி ஒன்றையொன்று நெருக்கும் மணிகளின் எல்லைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் தோன்றுகின்றன.

ஆய்வுக்கூடச் சோதனைகளில் 200 பாகை வரை கிரானைட்டின் வலிமை பெரிதும் மாறுவதில்லை. ஈரம் வெளியேறுவதால் சில மாதிரிகளில் சிறிது கூடுவதும் உண்டு. 400 பாகையை அணுகும்போது தளர்ச்சி புலப்படும். 573 பாகையில் குவார்ட்சின் படிக அமைப்பே மாறிப் பருமன் திடீரென உயர்வதால், அதனைக் கடந்த கல் பெரும்பாலும் தன் வலிமையில் பாதியையோ அதற்கு மேலோ இழந்துவிடுகிறது. கல் ஆறிய பின்னரும் விரிசல்கள் கூடுவதில்லை; இழந்த வலிமை மீள்வதுமில்லை. மரமும் துணியும் நெகிழியும் அடைந்து கிடக்கும் மூடிய இடத்தில் தீ 800 பாகையை எளிதில் தாண்டும் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

தூணினும் விதானமே முதலில் வீழ்வதற்கு ஒரு தனிக் காரணமுண்டு. தூண் தன்மீது இறங்கும் பாரத்தால் அமுக்கப்படுகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கல் வல்லது. உத்தரமும் மூடுகல்லும் இரு முனைகளில் தாங்கப்பட்டு நடுவில் வளைய முற்படுவதால், அவற்றின் அடிப்பரப்பு இழுவிசைக்கு உள்ளாகிறது. கிரானைட்டின் இழுவிசை வலிமை அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான். தீயின் சுடர் நேரே தாக்குவதும் அந்த அடிப்பரப்பையே.

கல் வெப்பத்தை மெல்லவே கடத்தும். ஆகவே மேற்பரப்பு தகிக்கும்போது உட்பகுதி குளிர்ந்தே இருக்கும். சூடேறிய புறத்தோல் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழும். இரு பக்கமும் சூடேறும் தூண் மூலைகள் முதலில் உதிர்வதும் இதனாலேயே. தகிக்கும் கல்மீது தண்ணீர் பாயும்போது புறப்பரப்பு திடீரெனச் சுருங்கி மேலும் விரிசலுறுகிறது. எனினும் தீயணைப்போரைக் குறை கூறுவது பொருந்தாது. தீயை நீளவிட்டிருந்தால் சேதம் இன்னும் ஆழத்திற்குச் சென்றிருக்கும்.

இப்பலவீனத்தையே கல்லுடைப்போர் கருவியாக்கிக்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெங்களூருப் பகுதியில் பாறையின்மேல் விறகுத் தீயை வரிசையாக மூட்டி, அதனைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அகன்ற பலகைகளாகக் கல்லைப் பிரித்தெடுத்தனர். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே பலகை பிரிந்த எல்லையை அறிந்தனர். பிரிய வேண்டிய கல்லை மட்டும் பிரிக்கும் அளவுக்கு நெருப்பை ஆளத் தெரிந்த நுண்ணறிவு அது.

தீக்குப்பின் நிற்கும் தூண்களை மதிப்பிடுவதிலும் ஓசைக்கு இடமுண்டு. இரும்புச் சேர்மங்கள் உள்ள மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் 250 முதல் 300 பாகையில் சிவந்து, வெப்பம் சென்ற ஆழத்தைக் காட்டிக்கொடுக்கும். கருங்கல்லில் இவ்வடையாளத்தை நம்ப இயலாது. கரியைக் கழுவினால் பழுதற்றதுபோலவே தோன்றும். எனவே மீயொலி அலையைக் கல்லினூடே செலுத்தி அதன் வேகத்தை அளக்கின்றனர். விரிசல் மிகுந்த கல்லில் அலை மெதுவாகச் செல்லும். தீண்டப்படாத அதே இனக் கல்லில் பெற்ற அளவோடு ஒப்பிட்ட பிறகே, ஒரு தூணை இருத்துவதா மாற்றுவதா என முடிவு செய்ய முடியும்.