கண்ணாடிக்குள் ஒரு கடல்!

குமரி முனைக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். அலையைப் பார்க்கிறார்கள். சூரியன் எழுவதையும் மறைவதையும் பார்த்து மகிழ்கிறார்கள்.

ஆனால், கடலுக்குள் என்ன நடக்கிறது?

சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் படகு கரை சேர்ந்தால் போதும். சாளை, அயலை, நெத்திலி என்று மீன்கள் குவிந்துவிடும். குழம்புக்கு எது, பொரிப்பதற்கு எது என்று நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால், அந்த மீன் உயிரோடு நீந்தும் அழகைக் கண்டவர்கள் எத்தனை பேர்?

மெரினாவில் புதுமை

அந்தக் காட்சியை எல்லோருக்கும் காட்டவே மீன் காட்சிச்சாலைகள் தோன்றின. 1853-ம் ஆண்டு லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஒன்று திறக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு அந்தப் புதுமை 1909-ல் வந்தது.

சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர் அவர். அவருடைய முயற்சியால் மெரினா கடற்கரையில் மீன் காட்சிச்சாலை எழுந்தது. நாட்டிலேயே முதல் மீன் காட்சிச்சாலை என்று அது பெயர் பெற்றது. 1919-ல் மீன்வளத் துறை அதை ஏற்றுக்கொண்டது.

ஆண் சுமக்கும் குஞ்சு

கடல் மீன் காட்சிச்சாலையில் வியப்புக்குக் குறைவில்லை. கடல் குதிரைக்கு முகம் குதிரை போல இருக்கும். ஆனால் அதுவும் மீன்தான்! அந்த இனத்தில் குஞ்சைச் சுமப்பது ஆண். பெண் இடும் முட்டைகளை வயிற்றுப் பையில் வைத்துப் பொரிக்கும். பெரும்பாலான மீன்களுக்கு இமை இல்லை. ஆகவே அவை கண்ணைத் திறந்தபடியே தூங்கும்!

ஓயாத வேலை

இதைக் காட்டுவது எளிதல்ல. தொட்டியில் கடல் நீர் வேண்டும். நீரில் காற்று கலந்துகொண்டே இருக்க வேண்டும். கழிவை அகற்ற வேண்டும். வெயிலில் நீர் ஆவியானால் உப்பு மிஞ்சும். அதைச் சரிக்கட்ட நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒரு நாள் அசந்தாலும் ஆபத்துதான்.

போர் வந்தது

1914-ல் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது. அதற்குப் பிறகும் காட்சிச்சாலை நடந்தது. இரண்டாம் உலகப் போரிலோ அது தப்பவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசின. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுடன் வெளியூர்களுக்கு ஓடினார்கள். அந்த ஆண்டில் காட்சிச்சாலை மூடப்பட்டது.

புத்தகசாலையைப் பூட்டி வைத்தால் புத்தகம் காத்திருக்கும். மீன் காத்திருக்குமா? 33 ஆண்டு உழைப்பு அத்துடன் நின்றது.

இன்று கடற்கரை ஊர்களில் சின்னச் சின்ன மீன் காட்சிச்சாலைகளைக் காணலாம். அங்கே போகிற பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டக் கூடாது. நீரின் சிறு அதிர்வையும் மீன் உடம்பால் உணரும். நமக்கு அது விளையாட்டு, மீனுக்கோ திகில்!

அமைதியாக நின்று பார்த்தால் போதும். மீன் தானாகவே கண்ணாடி அருகே வரும்.